பழைய பிக்கப் வண்டி வாங்கப் போகிறீர்களா?

சிறு தொழிலை நம்பி வாழும் குடும்பம் ஒன்று, தன் வாழ்நாளில் ஒரே மூச்சில் செலவிடும் பெருந்தொகைகள் மூன்றோ நான்கோதான் இருக்கும். மகளின் திருமணம், மகனின் மேற்படிப்பு, சொந்த வீடு ஆகிய இவற்றின் வரிசையில் இப்பொழுது பழைய டீசல் சரக்கு வண்டி ஒன்றும் இடம்பெற்றுவிட்டது. ஏலக்கூடத்திலிருந்து சந்தைக்கு மீன் கொண்டு செல்பவர், தோட்டத்துக் காய்கறியை நகரத்துக்கு அனுப்புபவர், பந்தல் போடுபவர், குடிநீர்க் கேன் விநியோகிப்பவர் எனப் பலரும், "வாடகை வண்டிக்குக் கொடுக்கும் பணத்தில் சொந்தமாகவே ஒன்று வாங்கிவிடலாமே" என்று எண்ணுகின்றனர். எண்ணம் நல்லதே. ஆயின், சம்பந்தம் பேசுமுன் மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றிப் பத்து இடங்களில் விசாரிக்கும் நம் மக்கள், வண்டி விஷயத்தில் மட்டும் தரகர் ஒருவரின் வாய்ச்சொல்லையும் புதுப் பெயிண்டின் பளபளப்பையும் நம்பிவிடுகின்றனர். நகையை அடகு வைத்து வாங்கிய வண்டி ஆறே மாதத்தில் பட்டறையில் நிற்க, தவணைக்காரர் வாசலில் நிற்க, கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் குறைகூறிக்கொண்டு பங்கு இல்லத்துக்கு வருவதை நாங்கள் காண்கிறோம். யான் இயந்திரவியல் கற்றவன் அல்லேன். எனினும், இத்தகைய குடும்பங்களோடு பல ஆண்டுகள் பழகியதாலும், பட்டறைக்காரர்களிடமும் வழக்கறிஞர்களிடமும் கேட்டறிந்ததாலும் இதனை எழுதத் துணிகிறேன்.

"பிக்கப்" என்ற சொல்லைக் கேட்டதும், வெளிநாட்டில் பணிபுரியும் உறவினர் அனுப்பிய படங்கள் சிலருக்கு நினைவுக்கு வரலாம். அமெரிக்காவில் பெரிய டீசல் பிக்கப் என்று வழங்குவது, ஆறு அல்லது எட்டு சிலிண்டர்களும் 6 லிட்டருக்கு மேற்பட்ட கொள்ளளவும் உடைய எஞ்சின் பூட்டிய பேருருவம். பண்ணைக்காரர்கள் குதிரைகள் ஏற்றிய இழுவைப் பெட்டியையும் படகையும் அதன் பின்னால் கட்டி இழுத்துச் செல்வர். நம் நாட்டுப் பிக்கப்பை அதன் பேரப்பிள்ளை எனலாம். 2005-ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனம் வெளியிட்ட ஏஸ் வண்டி இரண்டே சிலிண்டர்களும் 702 சி.சி. கொள்ளளவும் கொண்டது. அது சுமக்கும் சுமையைக் கண்டு வியந்த நம் மக்கள் "குட்டியானை" என்று அதற்குச் செல்லப் பெயர் சூட்டினர். 2011-இல் அசோக் லேலண்டின் தோஸ்த் வண்டி ஓசூரிலிருந்து புறப்பட்டு வந்தது. அதற்கு மூன்று சிலிண்டர், ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் எஞ்சின், ஒன்றேகால் டன் பாரம். மகிந்திராவின் பொலேரோ பிக்கப்போ நான்கு சிலிண்டர்களும் இரண்டரை லிட்டர் எஞ்சினும் உடையது. பழைய வண்டிச் சந்தையில் பெரும்பாலும் கைமாறுவன இவையும் இவற்றின் இனத்தைச் சேர்ந்தவையுமே.

இவற்றுள் எதை வாங்குவது என்பதை விலை தீர்மானிக்கலாகாது. நீங்கள் ஏற்றப்போகும் சுமை தீர்மானிக்கவேண்டும். முக்கால் டன் சுமக்கும் வண்டியில் ஒன்றரை டன் செங்கல் ஏற்றினால், அது சில நாள் சுமக்கவே செய்யும். பின்னர் ஸ்பிரிங் முறியும், கிளட்ச் எரியும், இறக்கத்தில் பிரேக் பிடிக்காது. அன்றியும், 2019-இல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின்படி அதிகப் பாரத்துக்கான அபராதம் 20,000 ரூபாயில் தொடங்கி, கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய் வீதம் ஏறுகிறது. ஒரு மாதத் தவணையை ஒரே நாளில் இழக்க விரும்புவோர் உண்டோ?

வண்டியின் பிறந்த ஆண்டையும் கவனிக்கவேண்டும். 2017 ஏப்ரலில் நாடெங்கும் பாரத் ஸ்டேஜ் 4 என்னும் புகைக் கட்டுப்பாடும், 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6-உம் நடைமுறைக்கு வந்தன. பழைய காலத்து எஞ்சினை எந்தக் கிராமத்துப் பட்டறையிலும் பிரித்துப் பூட்டிவிடலாம். புதிய வகையில் டீசல் மிக உயர்ந்த அழுத்தத்தில் தெளிக்கப்படுகிறது. அதனைக் கணிப்பொறி ஒன்று கட்டுப்படுத்துகிறது. தண்ணீர் அல்லது தூசு கலந்த டீசல் சிறிதளவு சென்றாலும் பம்பும் இஞ்செக்டர்களும் பழுதாகி, செலவு பல்லாயிரமாகும். 2020-க்குப் பிந்தைய வண்டிகள் பலவற்றில் புகைக்குழாயினுள் கரியைப் பிடித்து நிறுத்தும் வடிகட்டி ஒன்று உண்டு. நெடுஞ்சாலையில் நன்கு சூடேற ஓடும்போதுதான் அந்தக் கரி எரிந்து தீரும். நாள் முழுவதும் தெருவுக்குத் தெரு நின்று நின்று செல்லும் கேன் வண்டிக்கு அது அடைத்துக்கொள்ளும். ஆதலின், குறுகிய ஓட்டம் மட்டுமே உடையவர், "புது மாடல் ஆயிற்றே" என்பதற்காக மட்டும் மயங்கவேண்டா.

விடியற்காலையில் செல்க

எங்கள் ஊர்ப் பட்டறையில் முப்பது ஆண்டுகளாகக் கை கறுத்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். பழைய வண்டி பற்றிப் பேச்செடுத்தாலே, "சாமி, பாக்க வாறோம்னு முன்கூட்டியே நேரம் சொல்லிட்டுப் போகக் கூடாது" என்பார். காரணம் எளிது. தேய்ந்த டீசல் எஞ்சின் தன் நோயைக் காட்டிக்கொடுப்பது குளிர்ந்து கிடக்கும்போதுதான். வாங்குபவர் பத்து மணிக்கு வருகிறார் என்று தெரிந்தால், விற்பவர் ஒன்பது மணிக்கே எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றி வைத்துவிடுவார். பின்னர் சாவியைத் திருப்பியதும் அது பிள்ளைபோல் சிரித்துக்கொண்டு எழும். ஆகவே விடியலில் செல்க. முதலில் எஞ்சின்மீது உள்ளங்கையை வைத்துப் பார்க்க. சூடாயிருந்தால் தேநீர் அருந்திவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருப்பதில் இழுக்கில்லை.

குளிர்ந்த எஞ்சின் நீண்ட நேரம் உறுமியபின்தான் பற்றுமானால், பாட்டரியோ, டீசல் செலுத்தும் அமைப்போ, சிலிண்டரின் அழுத்தமோ குறைந்திருக்கிறது என்று பொருள். அப்பொழுது வரும் புகையின் நிறத்தை உற்று நோக்குக. கறும்புகை வந்தால், டீசல் முழுமையாக எரியவில்லை. காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம், இஞ்செக்டர் ஒழுகலாம். இது பெரும்பாலும் தீர்க்கக்கூடிய குறை. நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயிலே எரிகிறது. பிஸ்டன் ரிங்குகளோ வால்வு வழிகளோ தேய்ந்துவிட்டன, அல்லது டர்போவில் ஆயில் கசிகிறது. இது பெருஞ்செலவு. வெண்புகை குளிர்காலையில் சிறிது நேரம் வந்து மறைந்தால் அஞ்சவேண்டா. எஞ்சின் சூடேறிய பின்னும் ஓயாமல் வருமாயின், ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டருக்குள் புகுகிறதோ என்று ஐயுறவேண்டும்.

அடுத்து, எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கையில், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இலேசான ஆவி எல்லாப் பழைய எஞ்சினிலும் உண்டு. குப்குப்பென்று புகை பீறிட்டு, திறப்பின்மீது வைத்த மூடியைத் தள்ளுமாயின், எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. எஞ்சின் வேலை நெருங்கிவிட்டது. மூடியின் உட்புறத்தில் மோர் போன்ற வெண்மையான பசை ஒட்டியிருந்தாலும், ரேடியேட்டர் நீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தாலும், தண்ணீரும் ஆயிலும் கலந்திருக்கின்றன. அந்த வண்டியை அதே இடத்தில் விட்டுவிட்டு வீடு திரும்புக. ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த நிலையில் மட்டுமே திறக்கவேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். கொதிநீர் முகத்தில் தெறித்து மருத்துவமனை சென்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வெறும் வண்டியைத் தெருமுனைவரை ஓட்டிப்பார்ப்பதால் பயனில்லை. சரக்கு வண்டியின் குணம் சரக்கு ஏற்றினால்தான் தெரியும். பத்து மூட்டை அரிசியோ மணலோ ஏற்றி, அருகிலுள்ள மேம்பாலத்தில் ஏறிப் பாருங்கள். ஏற்றத்தில் எஞ்சின் இரைச்சல் கூடியும் வேகம் கூடாதிருந்தால் கிளட்ச் நழுவுகிறது. கால் எடுத்ததும் கியர் தானே வெளியே துள்ளினால் பெட்டியைப் பிரிக்கவேண்டும். பின்பக்கத்திலிருந்து ஊளையிடும் ஒலி வேகத்தோடு ஏறி இறங்கினால், பின் அச்சிலுள்ள டிஃபரென்ஷியல் பற்கள் தேய்ந்திருக்கின்றன. ஓட்டம் முடிந்ததும் வெப்பமானியைப் பாருங்கள். வண்டியின் அடியில் குனிந்து எங்கே ஒழுகுகிறது என்றும் பாருங்கள். வேட்டி அழுக்காகுமே என்று தயங்குபவர் வண்டி வாங்கத் தகுதியற்றவர்!

ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் கருவியைப் பொறுத்தவரை, அது சொல்வதை அப்படியே நம்பவேண்டா. அதைத் திருத்துவது கடினமன்று. 40,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடியதாகக் காட்டும் வண்டியில், பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஸ்டியரிங் வளையத்தின் மேற்புறம் மினுமினுத்து, ஓட்டுநர் இருக்கை குழி விழுந்திருந்தால் எதை நம்புவது? டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். டயர்ப் பட்டை ஆழமாயிருப்பினும் ரப்பர் வெடிப்புவிட்டு முதுமை அடைந்திருக்கலாம். நான்கு டயர்களையும் புதிதாக மாற்றவேண்டுமானால் ஆகும் தொகையை, விலை பேசுகையில் தயங்காமல் கழித்துக் கேளுங்கள்.

உப்பு

கடற்கரை மறைமாவட்டத்தினராகிய நாம் தனியே கவனிக்கவேண்டியது துரு. மீன் ஏற்றும் வண்டியில் பனிக்கட்டி உருகி, உப்பு நீரும் மீன் கழிவும் நாள்தோறும் பலகையின் இடுக்குகள் வழியே ஒழுகிச் சட்டத்தின்மீது சொட்டுகின்றன. வெளியே பெயிண்ட் அழகாயிருக்கும். உள்ளே சேஸிஸ் சட்டம் செதில் செதிலாக உரிந்துகொண்டிருக்கும். ஒரு சிறு சுத்தியலைக் கொண்டு செல்லுங்கள். சட்டத்தின் நீளம் முழுவதும், சிறப்பாக ஸ்பிரிங் பட்டைகள் பொருந்தும் இடங்களிலும், பெட்டியைச் சட்டத்தோடு இணைக்கும் போல்ட்டுகளின் அருகிலும் மெல்லத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பு மந்தமாக ஒலிக்கும், சில இடங்களில் உதிரவும் செய்யும். வெல்டிங் தழும்பு, அடிப்பாகத்தில் மட்டும் புதிதாகப் பூசிய தார் அல்லது கறுப்புப் பெயிண்ட், இரு பக்கமும் ஒத்திராத ஸ்பிரிங் பட்டைகளின் எண்ணிக்கை ஆகியவை அனைத்தும் கேள்வி எழுப்பவேண்டிய அடையாளங்கள். கூடுதலாகப் பட்டை சேர்த்திருந்தால், அந்த வண்டி தன் அளவுக்கு மேல் சுமந்து பிழைத்திருக்கிறது என்றே கொள்ளலாம். எஞ்சினை மாற்றிக்கொள்ளலாம், சட்டம் போனால் வண்டியே போயிற்று.

உள்நாட்டில் காய்கறி அல்லது பால் ஏற்றிய வண்டி கிடைக்குமானால், 20,000 ரூபாய் கூடுதலாயினும் அதனையே யான் விரும்புவேன்.

ஏன் விற்கிறார் என்ற வினாவையும் கேட்டுவிடுங்கள். "பெரிய வண்டி எடுக்கிறேன்" என்பார் ஒருவர். அது உண்மையாயின் பெரிய வண்டி வாசலில் நிற்கும். "தம்பி வெளிநாடு போகிறான்" என்பார் மற்றொருவர். அக்கம்பக்கத்தில் விசாரித்தால் அரை மணியில் தெரிந்துவிடும்.

தாள்களே வண்டி

இனிச் சொல்லப்போவது எஞ்சினைவிட முக்கியமானது. எஞ்சின் கெட்டால் போவது பணம். தாள்கள் கெட்டால் போவது குடும்பத்தின் அமைதி.

ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றிலுள்ள சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும், வண்டியில் பொறித்துள்ள எண்களோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுக. பொறித்த இடம் அராவியும் மீண்டும் அடித்தும் தோன்றினால் தொடவே வேண்டா. எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று நடப்பில் இருக்கிறதா என்று பார்க்க. சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டுவரை இரண்டு ஆண்டுக்கொரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் அதனைப் புதுப்பிக்கவேண்டும். சாலை வரி, காப்புறுதி, புகைச் சான்று, கட்டப்படாத அபராதங்கள் ஆகியவற்றை, அரசின் பரிவாகன் இணையத்தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்து வீட்டிலிருந்தே அறியலாம். உங்கள் வீட்டுக் கல்லூரி மாணவரிடம் சொன்னால் ஐந்து நிமிட வேலை. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை. பெரிய பிக்கப்புகளுள் சில இந்த எல்லையைத் தாண்டுவதால், ஆர்.சி.யில் குறித்துள்ள எடையை நோக்குக. ஓட்டுநர் உரிமம் பற்றிய ஐயமும் தீர்ந்துவிட்டது. இலகுரக வாகன உரிமம் உடையவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியைத் தனி அனுமதியின்றி ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது.

வண்டியின் பேரில் கடன் இருந்தால், கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் ஆர்.சி.யில் பதிவாகியிருக்கும். "கடன் எல்லாம் முடிந்துவிட்டது அண்ணாச்சி, பேப்பர்தான் வரவேண்டும்" என்பது தரகர்களின் பழம்பாட்டு. பேப்பர் வந்தபின் பணம் தருகிறேன் என்று சொல்லுங்கள். நிறுவனம் தரும் மறுப்பின்மைச் சான்றும், அது கையொப்பமிட்ட படிவம் 35-உம் கைக்கு வந்தாலன்றி அந்தப் பெயர் நீங்காது. தவணை கட்டாததால் நிறுவனம் கைப்பற்றி ஏலத்தில் விடும் வண்டிகள் விலை மலிவாகக் கிடைப்பது உண்மையே. ஆயின் அவற்றை "உள்ளது உள்ளபடி" என்ற நிபந்தனையோடுதான் கொடுப்பர். ஓட்டிப்பார்க்க விடுவதில்லை, நிலுவை வரியும் அபராதமும் வாங்கியவர் தலையில் விழும். முதல் வண்டி வாங்குவோர்க்கு அது ஏற்றதன்று.

பெயர் மாற்றத்துக்கு வருவோம். விற்றதை அறிவிக்கும் படிவம் 29, வாங்கியவர் தம் பெயருக்கு மாற்றக் கோரும் படிவம் 30 ஆகிய இரண்டும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குச் செல்லவேண்டும். ஒரே மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்கவேண்டும் என்பது சட்டத்தின் 50-ஆம் பிரிவு. வேறு மாநில வண்டியாயின் படிவம் 28-இல் அங்குள்ள அலுவலகத்தின் மறுப்பின்மைச் சான்றும் தேவை. நடப்பில் என்ன நிகழ்கிறது? விற்பவர் படிவங்களில் வெறுமனே கையொப்பமிட்டுக் கொடுத்துவிடுகிறார். தேதியும் வாங்குபவர் பெயரும் வெற்றிடமாகவே இருக்கும். பெயர் மாற்றச் செலவை மிச்சப்படுத்த, தரகர் அந்தத் தாள்களோடு வண்டியை அடுத்தவருக்கும், அவர் அதற்கடுத்தவருக்கும் தள்ளிவிடுகின்றனர்.

இதன் விளைவு யாது? கார் ஒன்று 2007-இல் விற்கப்பட்டு, மேலும் சில கைகள் மாறி, ஆர்.சி.யில் முதல் உரிமையாளரின் பெயரே நீடித்திருக்க, 2009-இல் விபத்தில் ஓர் உயிர் போயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர். இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் தீர்ப்பாயிற்று. வண்டியை முன்னரே விற்றுவிட்டவர், சில இலட்சங்களுக்குப் பொறுப்பாளியானார். ஆதலின், விற்பவர்க்குச் சொல்லுகிறேன்: உங்கள் கையால் படிவம் 29-ஐ அலுவலகத்தில் கொடுத்து, அதற்குரிய ரசீதைப் பெற்று, வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். வாங்குபவர்க்கும் இது சிறு விஷயமன்று. ஆர்.சி. உங்கள் பெயரில் இல்லையேல், வண்டி திருடுபோனாலோ எரிந்துபோனாலோ காப்புறுதி நிறுவனத்திடம் நீங்கள் யார் என்றே நிலைநாட்டவியலாது.

வண்டியை மந்திரிக்கக் கோயிலுக்குக் கொண்டுவருவோரிடம், ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது என்று கேட்பது என் வழக்கம். தீர்த்தம் தெளிக்க நான் மறுத்ததில்லை. ஆயினும், "இன்னும் மாத்தல சாமி" என்று தலையைச் சொறிபவரை அடுத்த ஞாயிறன்றும் கேட்பேன் என்பதை எங்கள் பங்கில் எல்லாரும் அறிவர்.

காப்புறுதியிலும் ஒரு நுட்பம் உண்டு. வண்டி கைமாறும்போது, பிறருக்கு நேரும் இழப்புக்கான காப்பீடு தானாகவே உங்களைத் தொடர்ந்துவிடும். உங்கள் வண்டிக்கு நேரும் சேதத்துக்கான பகுதி அவ்வாறு வாராது. 14 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுதிப் பெயர் மாற்றிக்கொள்ளவேண்டும். பழைய உரிமையாளர் விபத்தின்றி ஓட்டியதற்காகப் பெற்ற தள்ளுபடி அவருக்கே உரியது. அது வண்டியோடு வருவதில்லை.

இங்கே நம் ஊர்களின் வழக்கம் ஒன்றைக் குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. திருவிழாவென்றால், திருமணமென்றால், வேளாங்கண்ணிப் பயணமென்றால், சரக்கு வண்டியில் இருபது முப்பது பேரை ஏற்றிச் செல்கிறோம். தோட்ட வேலைக்குப் பெண்களையும் அவ்வாறே ஏற்றுகின்றனர். சரக்கு வண்டியில் ஏற்றப்படும் பயணிகளுக்குக் காப்புறுதி நிறுவனம் பொறுப்பன்று என்பதை உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரிலேயே தெளிவாக்கிவிட்டது. சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ சரக்கோடு செல்லலாம், அவ்வளவே. வண்டி கவிழ்ந்தால், இறந்தவர் குடும்பத்துக்கும் கை கால் இழந்தவருக்கும் கொடுக்கவேண்டிய தொகை உரிமையாளரின் வீட்டையும் நிலத்தையும் தேடி வரும். அதனினும் பெரிது, பிறகு அந்தத் தெருவில் அவர்கள் முகத்தில் விழிப்பது. "எல்லாரும் நம்ம ஜனம்தானே சாமி, மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?" என்று உரிமையாளர்கள் கேட்கின்றனர். வாங்கும் நாளிலேயே, வீட்டார் அனைவரும் கேட்கும்படி, ஆள் ஏற்றுவதில்லை என்று சொல்லிவிட்டால், பின்னர் சொல்வது எளிதாகும். பங்கு மக்கள் திருப்பயணத்துக்கு வண்டி கேட்டால் பேருந்து பேசித் தருமாறு பங்குத்தந்தையரையும் கேட்டுக்கொள்கிறேன்.

தவணைக் கணக்கு

பழைய வண்டிக் கடனுக்கு "நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிதான்" என்பார்கள். கேட்பதற்கு இனிமையாயிருக்கும். எடுத்துக்காட்டாக, 2,50,000 ரூபாயை மூன்று ஆண்டுத் தவணையில் இவ்வட்டிக்கு வாங்குவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 12 விழுக்காடு வீதம் மூன்று ஆண்டுக்கு 90,000 ரூபாய் வட்டி, மொத்தம் 3,40,000, மாதத் தவணை ஏறத்தாழ 9,444 ரூபாய். இதில் மறைந்திருப்பது யாதெனில், மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வந்தபோதிலும், வட்டியை முழு அசலுக்கே கணக்கிட்டுவிட்டார்கள். குறையும் அசலுக்கு மட்டும் வட்டி என்று கணக்கிட்டால், இதே தவணை ஆண்டுக்கு ஏறத்தாழ 21 விழுக்காட்டு வட்டிக்குச் சமம். வங்கியில் குறையும் அசலுக்கு 14 விழுக்காடு என்று சொன்னால், அது "ஒரு ரூபாய் வட்டி"யைவிட மலிவானது. ஆகவே, வட்டி எத்தனை என்று கேட்பதோடு நில்லாமல், மாதம் எவ்வளவு, எத்தனை மாதம், மொத்தம் எவ்வளவு கட்டுகிறேன் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கூட்டல் கணக்கு தெரிந்த எவருக்கும் எஞ்சியது விளங்கிவிடும்.

மாதத்துக்கு 25 நாள் வண்டி ஓடினால், மேற்சொன்ன தவணைக்கு மட்டும் நாளொன்றுக்கு 378 ரூபாய் எடுத்துவைக்கவேண்டும். அதற்குமேல் டீசல், ஓட்டுநர் கூலி, ஆண்டுக்கொரு முறை காப்புறுதி, எஃப்.சி.க்காகச் செய்யும் டிங்கரிங், பெயிண்ட் வேலை, டயர், திடீர்ப் பழுது ஆகியன. மழைக்காலத்திலும் மீன்பிடித் தடைக்காலத்திலும் வண்டி நிற்கும், தவணை நிற்காது. நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை என்பதை மீன் வண்டி வாங்குவோர் கணக்கில் சேர்க்கவேண்டும். கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துவருவது ஆபத்து. விலையில் ஆறில் ஒரு பங்கேனும் முதல் ஆறு மாதப் பழுதுக்கென்று தனியே இருக்கட்டும். அதை வீட்டுத்தலைவியின் கையில் வையுங்கள். கடன் தாளில் இரண்டாம் கையொப்பம் இடுபவர் பெரும்பாலும் அவரே. அடகுக்குச் செல்வதும் அவர் நகையே. எனவே வண்டியைப் பார்க்கச் செல்லும்போதே அவரையும் அழைத்துச் செல்வது முறை. "அவளுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்?" என்பவர்களுக்குச் சொல்வேன்: பேரம் பேசுவதில் உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

பணத்தை ரொக்கமாகக் கொடாமல், விற்பவரின் சொந்த வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். தரகர் பெயரில் செலுத்தவேண்டா. ஒப்பந்தத் தாளில் வண்டியை ஒப்படைத்த தேதியோடு மணியையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்று காலை நேர்ந்த விபத்துக்கு மாலையில் வாங்கியவர் பதில் சொல்லும் தொல்லை அதனால் தவிரும்.

வண்டி வீடு வந்ததும் முதல் வாரத்தில் எஞ்சின் ஆயில், ஆயில் வடிகட்டி, டீசல் வடிகட்டி, காற்று வடிகட்டி, ரேடியேட்டர் நீர், பிரேக் ஆயில் ஆகிய அனைத்தையும் மாற்றிவிடுங்கள். பழையவர் எப்போது மாற்றினார் என்ற ஆராய்ச்சி வேண்டா. மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வண்டியிலேயே வையுங்கள். டீசல் வடிகட்டியின் அடியில் தேங்கும் தண்ணீரை ஓட்டுநர் வாரந்தோறும் திறந்துவிடட்டும். பின்சக்கர நட்டுகளை முதல் சுமை ஏற்றிய மறுநாள் மீண்டும் முறுக்கிப் பார்க்கவேண்டும். மீன் ஏற்றுவோர், நாள் முடிவில் பெட்டியின் மேற்புறத்தை மட்டும் கழுவிவிட்டு வீடு செல்லாமல், குழாய் நீரைச் சட்டத்தின் அடியிலும் சக்கரங்களின் உட்புறத்திலும் பாய்ச்சிவிட்டு, வண்டியைச் சற்றுச் சரிவான இடத்தில் நிறுத்தினால் நீர் வடிந்துவிடும்.